திணறும் கணினியைத் தீர விசாரித்தல்

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோர ஊர்களிலும் மடிக்கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. உயர்தர வகுப்பு மாணவிக்கு அது பாடநூலும் பயிற்சிக் கொப்பியுமாகும். ஆசிரியருக்கு அது புள்ளிப் பதிவேடு. மீனவர் சங்கத்துச் செயலாளருக்கு அது கணக்குப் புத்தகம். கடல் கடந்து வாழும் மகனின் முகத்தைக் காண விரும்பும் தாய்க்கு அது யன்னல். பல வீடுகளிலே இத்தகைய கணினி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் ஒருவர் பயன்படுத்தி மற்றொருவர் கைக்கு வந்ததாக இருக்கும். அந்த ஒன்று, பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது திடீரென உறைந்து நின்றால், அல்லது வேலையின் நடுவிலே தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கினால், அவ்வீட்டார் அடையும் கலக்கம் சிறிதன்று.

அக்கலக்கத்திலே நம்மவர் செய்வன பெரும்பாலும் இரண்டு. ஒரு சாரார் மின் பொத்தானை அழுத்தி அணைப்பதும் மீண்டும் தொடக்குவதுமாகப் பத்துமுறை முயல்வர். மற்றொரு சாரார் உடனே அதனைக் கடைக்கு எடுத்துச் சென்று, ‘முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தாருங்கள்’ என்பர். முதற்காரியத்தால் நோய் முற்றக்கூடும். இரண்டாவதனால் நோயாளி பிழைத்தாலும் அவனுடைய நினைவு முழுவதும் அழிந்துபோகும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறினர். திணறும் கணினியை எவ்வாறு தீர விசாரிப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக உணர்ந்துகொள்ளல் வேண்டும். கணினி உறைவது ஒரு நோயன்று. அது நோயின் குறி. காய்ச்சலைப் போன்றது எனலாம். மலேரியா நம் மாவட்டத்தை வாட்டிய காலத்தை முதியோர் நினைவிலே வைத்திருப்பர். காய்ச்சலென்று வந்தவரின் விரலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டிலே பூசி, நுணுக்குக்காட்டியிலே வைத்துப் பார்த்தார்கள். எல்லாக் காய்ச்சலும் மலேரியாவன்று என்பதையும், எக்காய்ச்சல் மலேரியா என்பதையும் அந்தத் துளியே சொல்லிற்று. அவ்வாறு ஒவ்வொரு காய்ச்சலையும் விசாரித்த நாடு, 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. கணினியின் காய்ச்சலுக்கும் வெப்பம், ஈரம், மின்சாரம், தேய்ந்த உறுப்பு, பழுதுற்ற மென்பொருள் எனக் காரணங்கள் பலவாம். குறி ஒன்றாயினும் மருந்து ஒன்றாகாது.

ஆயினும் விசாரணைக்கு முன்னர்ச் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. கணினி இன்னும் சிறிதளவாவது இயங்குகின்றதாயின், அதிலுள்ள முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவ் ஒன்றிலோ வேறொரு கணினியிலோ உடனே பிரதி செய்துவிடல் வேண்டும். தீப்பற்றிய வீட்டிலே முதலில் பிள்ளையை வெளியே எடுப்பதுபோல, இதனையே முதலிற் செய்தல் வேண்டும். கணினியை விலைக்கு வாங்கலாம். அதற்குள் இருப்பதை வாங்க முடியாது.

இதன் பொருளை மன்னார் மக்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோதும், போர்க்காலத்திலே தமிழ்க் குடும்பங்கள் மடுவுக்கும் கடல் கடந்து இராமேசுவரத்துக்கும் ஏதிலிகளாகச் சென்றபோதும், காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் திருமணப் படங்களும் தொலைந்துபோன வீடுகள் பல. மீண்டும் தேடிப் பெற்ற ஆவணங்களைப் படமெடுத்துக் கணினியிலே சேமித்து வைத்திருப்போர் இன்று உளர். அந்தப் பிரதி ஒரே ஓர் இடத்திலே இருக்குமாயின், அது பாதுகாப்பன்று. ஒரு பிரதி கணினியிலும், மற்றொன்று வீட்டுப் பெட்டகத்திலும், இன்னுமொன்று வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருத்தல் நன்று.

இனி விசாரணைக்கு வருவோம். விசாரணைக்கு வேண்டிய முதற்கருவி ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் ஆகும். கணினி திணறும் ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்க. தொடக்கி எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்தெந்த மென்பொருள் திறந்திருந்தது, மின்கம்பி பொருத்தியிருந்ததா, பற்றரியில் இயங்கிற்றா, அடிப்பாகம் சுட்டதா, உள்ளிருந்து ஒலி கேட்டதா, திரையிலே செய்தி ஏதும் தோன்றியதா என்பவற்றையும் எழுதுக. நீலத் திரையோ, விண்டோஸின் அண்மைய பதிப்புகளிற் காணும் கறுப்புத் திரையோ தோன்றினால், அதிலுள்ள சொற்களைக் கைத்தொலைபேசியாற் படமெடுத்துக்கொள்க. நான்கைந்து குறிப்புகள் சேர்ந்தவுடன் அவற்றிடையே ஓர் ஒழுங்கு தென்படும்.

இது சிறுபிள்ளைத்தனமான முறையென்று எவரும் எண்ணவேண்டா. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலே மார்க் 2 என்னும் பெருங்கணினி பழுதுற்றது. பொறியியலாளர் தேடிப்பார்த்தபோது, மின்தொடுகைச் சாவி ஒன்றினுள்ளே அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அவர்கள் அப்பூச்சியை எறிந்துவிடவில்லை. நேரத்தைக் குறித்து, நாட்குறிப்பேட்டிலேயே அதனை ஒட்டி வைத்தனர். கணினிப் பழுதுக்கு ஆங்கிலத்திலே பூச்சி என்னும் பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. அன்று மெய்யான பூச்சியே அகப்பட்டது. நம் நாட்டிலே எறும்பும் பல்லியும் இயந்திரங்களுட் புகுவது புதிதன்று. எனினும் அந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிப்பது பூச்சியைப் பற்றியதன்று. எண்பது ஆண்டுகளுக்கு அண்மையாகியும் அந்தப் பழுதைப் பற்றி நாம் இன்று பேச முடிவது, அதனைக் கண்டவர்கள் உடனே எழுதி வைத்தமையாலேயே ஆகும்.

குறிப்பெடுத்த பின்னர், உறைந்திருக்கும் கணினியிடமே சில கேள்விகளைக் கேட்கலாம். முதற்கேள்வி: உறைந்தது ஒரு மென்பொருளா, முழுக் கணினியுமா? சுட்டி அசைகின்றதா என்று பாருங்கள். விசைப்பலகையிலே பெரிய எழுத்துக்குரிய கப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் விடை கூறுமாயின், கணினியின் உயிர் போகவில்லை. மேலே ஒரு மென்பொருள் மட்டும் சிக்கிக்கொண்டது. அப்போது கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மனேஜர் என்னும் பட்டியலைத் திறந்து, சிக்கிய மென்பொருளை மட்டும் நிறுத்தலாம். விளக்கும் விடை கூறவில்லையாயின் முழுக் கணினியும் உறைந்துவிட்டது என்க. அப்போதும் ஐந்து நிமிடமாவது பொறுத்திருந்து, அதன் பின்னரே மின் பொத்தானைப் பத்து விநாடிவரை அழுத்திப் பிடித்து அணைத்தல் வேண்டும். தட்டிலே எழுதிக்கொண்டிருக்கும் கணினியை இடையிலே நிறுத்தினால், எழுதிய கோப்பு சிதையக்கூடும்.

இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது: பழுது வன்பொருளிலா, மென்பொருளிலா? அதாவது உடலிலா, உள்ளத்திலா? இதனை அறியப் பணமில்லாத சோதனை ஒன்றுண்டு. கணினியைத் தொடக்கும்போது உற்பத்தியாளர் பெயர் தோன்றும் கணத்திலே, எப் 2 அல்லது டிலீட் போன்ற ஒரு விசையை அழுத்தினால், பயோஸ் எனப்படும் அமைப்புத் திரை திறக்கும். எந்த விசை என்பது உற்பத்தியாளருக்கேற்ப வேறுபடும். பெரும்பாலும் திரையின் ஓரத்திலே அது குறிக்கப்பட்டிருக்கும். அத்திரையிலே எதனையும் மாற்றாமல், கணினியை ஒரு மணி நேரம் அப்படியே விட்டு வையுங்கள். விண்டோஸ் அப்போது தொடங்கவே இல்லை. ஆகவே அந்நிலையிலும் கணினி உறைந்தாலோ அணைந்தாலோ, குற்றம் விண்டோஸின் மீதன்று, வன்பொருளின் மீதே.

கணினிப் பயிற்சி உள்ள இளைஞர்கள் இதைவிடத் தெளிவான சோதனையைச் செய்யலாம். லினக்ஸ் என்னும் இலவசப் பணிசெயல் முறைமையை ஒரு பென் டிரைவிலே ஏற்றி, கணினியின் தட்டைத் தொடாமலேயே அதிலிருந்து கணினியை இயக்க முடியும். அவ்வாறு அரை நாள் இயக்கியும் திணறவில்லையென்றால், பழுது பெரும்பாலும் விண்டோஸிலோ அது தங்கியிருக்கும் தட்டிலோ உள்ளது. அங்கும் திணறினால் வெப்பம், நினைவகம், மின்சாரம் என்பவற்றை நோக்கித் திரும்புதல் வேண்டும். ஒரு சோதனையால் ஐயத்தின் பாதி நீங்கிவிடுகிறது.

வன்பொருளே ஐயத்துக்குரியதென்று கண்டால், நம் தீவிலே முதலில் விசாரிக்க வேண்டியது வெப்பத்தையே. கணினியின் மூளையாகிய புறொசெசர், வேலை செய்யும்போது வெப்பத்தை உமிழ்கிறது. செம்புக் குழாய் வழியாக அவ்வெப்பத்தைக் கடத்தி, சிறு விசிறி ஒன்று வெளியே தள்ளுகிறது. பெரும்பாலான மடிக்கணினிகளிலே புறொசெசரின் வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகை செல்சியசை நெருங்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதற்கும் மேலே சென்றால் முற்றாக அணைந்துவிடும். இவ்வாறு அணைவது பழுதன்று, தற்காப்பு. விசிறி எவ்வளவு சுழன்றாலும், அறையின் காற்றைவிடக் குளிராகக் கணினியை ஆக்க முடியாது. தகரக் கூரையின் கீழ் நண்பகலிலே கணினியை இயக்கும் மாணவன், சூடான காற்றையே அதற்குச் சுவாசிக்கக் கொடுக்கிறான் என்பதை உணர்தல் வேண்டும்.

இதனையும் ஊகமாக விட்டுவிடாமற் சோதித்துப் பார்க்கலாம். கணினியின் பின்புறத்தை இரண்டு சிறு மரக்கட்டைகளின் மீது உயர்த்தி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். முன்னர் இருபது நிமிடத்திலே நின்ற கணினி இப்போது ஒரு மணி நேரம் ஓடுமாயின், குற்றவாளி வெப்பமே என்பது ஐயமற நிறுவப்பட்டது. அதன்பின் கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, காற்றுத் துவாரங்களிலே படிந்த தூசியை மென்மையான தூரிகையால் அகற்றுக. காற்றை ஊதுவதாயின், விசிறி கட்டற்றுச் சுழன்று கெடாதவாறு ஒரு பல்குத்தும் குச்சியால் அதன் இதழைத் தடுத்துக்கொள்ளல் வேண்டும். மெத்தை, தலையணை, பாய் ஆகியவற்றின் மீது கணினியை வைத்து இயக்கலாகாது. அவை அதன் மூக்கைப் பொத்துகின்றன. பல ஆண்டுகள் பயன்பட்ட கணினியிலே, புறொசெசருக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையே பூசிய வெப்பப்பசை காய்ந்திருக்கும். அதனை மாற்றுவது தொழினுட்பவியலாளரின் பணி. செலவு குறைந்த பணியுமாகும்.

தூசி எங்கிருந்து வருகிறது என்று கேட்பின், நம் தீவின் இயல்பையே விடையாகக் கூறலாம். மணலும் காற்றும் நமக்கு இயற்கை அளித்த கொடை. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்றின் வலிமையைக் கண்டே, தீவின் தென்கரையிலே தம்பபவனி என்னும் காற்றாலைத் தொகுதி அமைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு டிசெம்பரிலே தொடக்கப்பட்ட அத்தொகுதியில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 100 மெகாவாற்று. அப்பெருங் காற்றாடிகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான், நுண்மணலையும் கடல் தெறிக்கும் உப்புத் திவலையையும் சுமந்து வந்து, நம் யன்னல் வழியாகக் கணினியின் சிறு விசிறிக்குள்ளும் புகுகின்றது.

உப்பைப் பற்றித் தனியாகவே பேசுதல் வேண்டும். ஏனெனில் வெளியூரில் எழுதப்பட்ட கைந்நூல்கள் இதனைப் பொதுவாகக் கூறுவதில்லை. மழைக்காலத்திலே சமையலறை உப்புச் சாடி கசிவதை இல்லத்தரசிகள் அறிவர். காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது, கறியுப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்குகிறது. கடலோர இரவுகளிலே சாரீரப்பதன் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். கணினியின் உள்ளே படிந்த உப்புத் துகளும் அவ்வாறே இரவிலே கசிகின்றது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். மின்சுற்றுகளின் நூலிழை போன்ற பாதைகளுக்கு இடையே அத்தகைய ஒரு துளி நின்றால், செல்லலாகாத இடத்துக்கு மின்சாரம் செல்லும். கணினி குழம்பி நிற்கும்.

வெப்பத்தால் வரும் திணறலையும் ஈரத்தால் வரும் திணறலையும் வேறுபடுத்திக் காண ஒரு வழியுண்டு. வெப்பத்தால் வருந்தும் கணினி முதலில் நன்றாக இயங்கிப் பின்னர் நிற்கும். ஈரத்தால் வருந்தும் கணினி காலையிலே திறந்தவுடன் நின்று, சிறிது சூடேறிய பின்னர் நன்றாக இயங்குவதுண்டு. தளர்ந்த பொருத்தும் வெடித்த ஈயப்பற்றும் இவ்வாறே நடிக்கக்கூடும்; ஆதலால் இதனை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாமல் வலிய சாட்சியாகக் கொள்க. கொப்பியிலே நேரத்தைக் குறிக்குமாறு முன்னர்க் கூறியதன் பயன் இப்போது விளங்கும்.

கடலுக்குச் சென்று வந்த வெளியிணைப்பு இயந்திரத்தை நம் மீனவர் நன்னீரால் அலசி வைப்பர். உப்பை உலோகத்தின் மீது தங்கவிடலாகாது என்பதைத் தலைமன்னாரிலும் பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் சிறுவனும் அறிவான். கணினியை நீரால் அலச முடியாது. ஆகவே உப்பை அதனுட் புகவிடாமற் காப்பதே நாம் செய்யக்கூடியது. கடற்பக்கத்து யன்னலின் அருகிலே கணினியை வைக்காதீர்கள். வேலை முடிந்து, அது முற்றாக ஆறிய பின்னர், மூடியுடைய பெட்டியிலோ உறையிலோ இட்டு, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களையும் உடன் வையுங்கள். சூடாக இருக்கும்போதே பொலித்தீன் பையிலே சுற்றி வைத்தால் ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தியவராவீர்கள். உள்ளே அரிப்பு ஏற்பட்டிருக்குமாயின், தொழினுட்பவியலாளர் ஐசோபுறொப்பைல் அற்ககோலாற் சுத்தம் செய்வார். நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுகைகளைத் துடைத்து, மீண்டும் இறுகப் பொருத்துவதாலேயே நின்றுபோன திணறல்கள் பல.

அடுத்து விசாரிக்க வேண்டியது மின்சாரம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அளவினது. மடிக்கணினியின் சார்ஜர் பொதுவாக 100 முதல் 240 வோல்ற்றுவரை ஏற்கவல்லதாதலால், சிறிய ஏற்ற இறக்கங்களை அது தாங்கும். ஆனால் மின்வெட்டின் பின் மின்சாரம் மீண்டும் வரும் கணத்திலே எழும் தாக்கம் வேறு வகையானது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவிய காலத்தையும், 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் நாம் மறந்திலோம். மின்சாரம் நின்றவுடன் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி, மின்சாரம் வந்து சில நிமிடங்கள் சென்றபின் பொருத்துவது நல்ல வழக்கம்.

மின்சாரத்தை விசாரிக்கும் சோதனையும் எளியது. ஒரு நாள் பற்றரியில் மட்டும் இயக்கிப் பாருங்கள். மறுநாள் சார்ஜரோடு இயக்கிப் பாருங்கள். சார்ஜரோடு மட்டும் திணறினால் ஐயம் சார்ஜரின் மீது செல்லும். குறைந்த விலைக்கு வாங்கிய போலிச் சார்ஜர்கள் நிலையான மின்னழுத்தத்தைத் தருவதில்லை. பற்றரியில் மட்டும், அதுவும் 30 அல்லது 40 சதவீதம் எஞ்சியிருக்கும்போதே திடீரென அணைந்தால், பற்றரி முதுமையடைந்துவிட்டது என்க. இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை. கணினியின் அடிப்பாகமோ விசைப்பலகையோ உப்பி மேலெழுந்திருப்பின், உள்ளேயுள்ள பற்றரி வீங்கியுள்ளது. அதனை அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ கூடாது, தீப்பற்றக்கூடும். உடனே அணைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திலே வைத்து, அறிந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

இனித் தட்டையும் நினைவகத்தையும் பற்றிச் சில சொற்கள். பழைய மடிக்கணினிகளிலே உள்ள வன்தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. அதாவது விநாடிக்கு 90 சுற்று. சுழலும் தட்டின் மேலே, தலைமயிரின் தடிப்பினும் மிகக் குறைந்த இடைவெளியிலே வாசிக்கும் முனை மிதந்து செல்கிறது. இயங்கும் கணினியை மேசையிலிருந்து கட்டிலுக்குத் தூக்கி எறிபவர்கள் இதனைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்னும் ஒலி திரும்பத் திரும்பக் கேட்டாலோ, ஒரு சிறு கோப்பைத் திறக்கவே பல நிமிடங்கள் சென்றாலோ, தட்டு இறுதிக் காலத்தை அடைந்துவிட்டது எனக் கொள்க. அப்போது வேறெந்தச் சோதனையிலும் இறங்காமல், எஞ்சியதைப் பிரதி செய்வதே கடமை. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய தட்டிலே சுழலும் உறுப்பு எதுவுமில்லை, வேகமும் மிகுதி. பழைய கணினிக்குப் புத்துயிர் அளிக்கச் செய்யும் செலவுகளிலே இத்தட்டை மாற்றுவதே முதலிடம் பெறத்தக்கது. ஆனால் அது கெடும்போது ஒலி எழுப்பி முன்னறிவிப்பதில்லை. ஆகவே பிரதி அங்கும் வேண்டும்.

ராம் என்று கடைகளிலே கூறும் தற்காலிக நினைவகத்தை ஓர் எழுதுமேசைக்கு ஒப்பிடலாம். மேசை சிறிதாயின், புத்தகங்களை அடிக்கடி அலுமாரிக்கு எடுத்துச் செல்வதிலேயே நேரம் கழியும். விண்டோஸ் 11க்கு உற்பத்தியாளர் கூறும் குறைந்தபட்ச நினைவகம் 4 ஜிகாபைட். அந்த அளவிலே அது தொடங்கும். ஆனால் இணைய உலாவியிலே பதினைந்து பக்கங்களைத் திறந்து, கூட்டத்திலும் கலந்துகொண்டு, பாட்டும் கேட்க முயன்றால் உறைந்து நிற்கும். டாஸ்க் மனேஜரிலே நினைவகத்தின் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேலே காணப்பட்டால், இது பழுதன்று, வசதிக்குறைவே என அறியலாம். தேவையற்ற பக்கங்களை மூடுவதும், தட்டிலே பத்தில் ஒரு பங்காவது வெற்றிடம் விடுவதும், இயலுமாயின் நினைவகத்தைப் பெருக்குவதும் பரிகாரம். நினைவகமே பழுதுற்றதா என அறிய, விண்டோஸின் தேடற்கட்டத்திலே ஆங்கிலத்தில் மெமரி டயக்னொஸ்டிக் எனத் தட்டெழுதி, அச்சோதனையை இரவிலே ஓடவிட்டு, காலையிலே விடையைப் பார்க்கலாம்.

வன்பொருள் யாவும் குற்றமற்றவை எனக் கண்டால் மென்பொருளை விசாரிப்போம். அங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: ‘திணறல் தொடங்குவதற்குச் சற்று முன்னர் மாறியது எது?’ புதிய மென்பொருள், புதிய அச்சுப்பொறி, புதிய இற்றைப்படுத்தல், பிறரிடமிருந்து வாங்கிய பென் டிரைவ் ஆகிய ஏதாவது ஒன்று வந்திருக்கும். தேடற்கட்டத்திலே ரிலயபிலிட்டி என்று ஆங்கிலத்தில் எழுதித் தேடினால், நாள்வாரியாக எது நிறுவப்பட்டது, எது நின்றது என்னும் வரலாற்றை விண்டோஸே காட்டும். நாம் எழுதிய கொப்பியையும் கணினி எழுதிய அந்த வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தல் மிக்க பயன் தரும். சேப் மோட் என்னும் நிலையிலே, இன்றியமையாத மென்பொருள்களோடு மட்டும் கணினியைத் தொடக்கிப் பார்க்கலாம். அங்கே திணறவில்லையாயின், பின்னர் வந்தவற்றுள் ஒன்றே குற்றவாளி. அதனை நீக்கியோ, முந்திய நாளின் நிலைக்குக் கணினியைத் திருப்பியோ குணப்படுத்தலாம்.

சில வேளைகளிலே குற்றம் நம் வீட்டிலேயே இராது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆந் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் இற்றைப்படுத்தலால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமானச் சேவைகளும் மருத்துவமனைகளும் தடுமாறின. அன்று தம் கணினியின் தட்டையும் நினைவகத்தையும் மாற்றியவர் இருந்தால், அவர் வீணே செலவழித்தவராவார். ஒரே நாளிலே பலருக்கும் ஒரே குறி தோன்றினால், சற்றுப் பொறுத்திருப்பதே மருந்து. மேலும் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது. அக்கணினிகள் அன்றே நின்றுவிடவில்லை. ஆனால் பாதுகாப்பு மேலும் மேலும் நலிவடையும். விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியிலே லினக்ஸை நிறுவி, எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

இத்தனை சோதனைகளுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. ஒரு வேளையிலே ஒன்றை மட்டுமே மாற்றுக. தூசியைத் துடைத்து, சார்ஜரை மாற்றி, மென்பொருளையும் நீக்கிய பின்னர்க் கணினி நன்றாக இயங்கினால், எது குணப்படுத்தியது என்பது எவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே திணறல் வந்தால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரிடும். ஒன்றை மாற்றி, இரண்டு நாள் பார்த்து, விளைவைக் கொப்பியிலே எழுதி, அதன் பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். விஞ்ஞான பாடத்திலே நம் பிள்ளைகள் கற்கும் பரிசோதனை முறையும் இதுவே. பரீட்சை வினாத்தாளுக்கு விடையாக மட்டும் அதனை மனனம் செய்யும் மாணவருக்கு, வீட்டிலே திணறும் கணினி நல்லதோர் ஆய்வுகூடம்.

இவ்வளவும் செய்த பின்னரும் குணமில்லையென்றால், தொழினுட்பவியலாளரிடம் செல்லத் தயங்கவேண்டா. அப்போது வெறுங்கையோடு செல்லாமல் அந்தக் கொப்பியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ‘கணினி சரியில்லை’ என்பவருக்கும், ‘தொடக்கி இருபது நிமிடத்திலே அணைகிறது, விசிறி வைத்தால் ஒரு மணி நேரம் ஓடுகிறது, பயோஸ் திரையிலும் அணைகிறது’ என்பவருக்கும் கிடைக்கும் சிகிச்சை ஒன்றாகாது. பின்னவரின் கணினியிலே தேவையற்ற உறுப்பு எதுவும் மாற்றப்படாது, கூலியும் குறையும். முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவ அவர் கூறினால், பிரதி எடுத்தாயிற்றா என்பதை இருமுறை கேட்டு உறுதிசெய்த பின்னரே இசைதல் வேண்டும். அழிக்கப்பட்ட கோப்பு எப்போதும் மீளும் என்பதற்கு எவரும் பிணை நிற்க முடியாது.

நேயர்களே, கணினி நம்மிடையே புதிதாக வந்த விருந்தினர். அதன் மொழி நமக்கு அயலானது. ஆனால் காரணமின்றி எதுவும் நடவாது என்னும் அறிவும், காரணத்தைப் பொறுமையோடு தேடும் பழக்கமும் நமக்கு அயலானவையல்ல. காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் பார்த்துக் கடலுக்குச் செல்வதா இல்லையா எனத் தீர்மானிக்கும் மக்கள் நாம். அதே கண்ணைக் கணினியின் மீதும் செலுத்தினாற் போதும். இன்றிரவு உங்கள் வீட்டிலே கணினி நன்றாகவே இயங்குகின்றதாயின், அதுவே தக்க தருணம். முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டுப் படுக்கைக்குச் செல்லுங்கள்.